கவுண்டி ஜெயில்: யாரும் சொல்லித்தராத பாடம்

அமெரிக்கா வந்த புதிதில் டிரைவிங் லைசென்ஸ், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஆள் கிடைப்பார்கள். வீட்டில் ஒருவர் கைதானால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, கேட்கவும் கூச்சம். சான் ஹோசே பக்கம் என் காதுக்கு வந்த கேஸ்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, பார்ட்டி முடிந்து குடித்துவிட்டுக் காரை எடுத்தது. இன்னொன்று, வீட்டுச் சண்டைச் சத்தம் கேட்டு யாரோ 911 என்ற அவசர எண்ணை அழைத்தது. கலிபோர்னியாவை வைத்தே எழுதுகிறேன். வேறு மாநிலங்களில் விதிகள் மாறும்.

கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. அதன் ஜெயிலை நம்மூர்க் கிளைச்சிறை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் பொதுவாகக் குறுகிய தண்டனை பெற்றவர்களும் இருக்கும் இடம். சான்டா கிளாரா கவுண்டிக்கு சான் ஹோசேயில் மெயின் ஜெயில். நாம் மளிகை வாங்கப் போகும் அதே மில்பிடாஸில் எல்ம்வுட் ஜெயில்.

கைதானவருக்கு மூன்று மணி நேரத்துக்குள் மூன்று போன் பேச உரிமை உண்டு. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் என்றால், அவர்களுக்கு ஏற்பாடு செய்ய இன்னும் இரண்டு. ஆனால் கைபேசியை முதலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மனைவியின் எண் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியுமா? இன்றைக்கே இரண்டு எண்களை மனப்பாடம் செய்யுங்கள்.

வெளியே இருப்பவருக்கு முதல் வேலை, ஆள் எங்கே என்று கண்டுபிடிப்பது. கவுண்டியின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். இங்கேதான் நம் பெயர் நம்மையே காலை வாரும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயர் ‘எஃப்.என்.யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். இரண்டு பெயர் இருந்தால் அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும். முருகேசன் மகன் கார்த்திக்கைத் தேடினால் கிடைக்க மாட்டார். முருகேசன் என்று தேடுங்கள், மாற்றியும் போட்டுப் பாருங்கள். கிடைத்ததும் புக்கிங் எண்ணை, அதாவது சிறைப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போட, பார்க்கப் போக என்று பல இடத்தில் அதைக் கேட்கலாம்.

போனில் பேசும்போது கேஸைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அழைப்புகள் பதிவாகின்றன. தமிழில் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டுக்கொள்வார்கள். போலீசிடமும் அப்படியே: பெயர், முகவரி சொல்லலாம்; கேஸைப் பற்றிய மற்ற கேள்விகளுக்கு ‘வக்கீல் வேண்டும்’ என்ற ஒரே பதில். நம் ஆட்கள் படித்தவர்கள் என்பதாலேயோ என்னவோ, விளக்கிச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் பேசிக்கொண்டே போவார்கள்.

அப்புறம் பெயில், அதாவது ஜாமீன். கட்டணம் வாங்கிக்கொண்டு நமக்காக ஜாமீன் ஏற்கும் பெயில் ஏஜென்டிடம் போனால் தொகையில் பொதுவாக 10 சதவீதம் கட்டணம். கேஸ் தள்ளுபடியானாலும் அந்தப் பணம் திரும்பாது. ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், அங்கே பணமே இல்லாமல் விடவும் வாய்ப்புண்டு. அதனால் நள்ளிரவில் கிரெடிட் கார்டைத் தேய்க்கும் முன் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் பப்ளிக் டிஃபெண்டர் உண்டு. ‘இலவச வக்கீல்தானே’ என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். அந்த நீதிமன்றத்தில் தினமும் நிற்பவர்கள் அவர்கள்.

வீட்டுச் சண்டைக் கேஸில் மனைவி ‘வாபஸ் வாங்கிக்கிறேன்’ என்று சொன்னால் முடிந்துவிடாது. வழக்கை நடத்துவது அரசு. தொடர்புகொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தால், ‘சாப்பிட்டியா’ என்று ஒரு மெசேஜ் அனுப்புவதும், மாமியார் மூலம் சேதி சொல்வதும் மீறல்தான். அடி வாங்கியவருக்குத் தனி ஆலோசனை வேண்டும். குடும்ப மானம் என்று சொல்லி அவர் வாயை அடைக்கச் சொந்தக்காரர்கள் படையெடுப்பதை நான் எந்த நியாயத்திலும் ஏற்க மாட்டேன்.

எச்1பி வேலை விசா, கிரீன் கார்டு யாராக இருந்தாலும், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வக்கீலையும் பாருங்கள். ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் ஆபத்து உண்டா என்று சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என 2010-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தண்டனை வரும் முன்பே விசாவை ரத்து செய்வதுண்டு. அந்த நேரத்தில் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள், திரும்பி வர முடியாமல் போகலாம்.

தண்டனை உறுதியாகி, இந்தத் தேதியில் வந்து ஆஜராகு என்று சொன்னால் தயாராக நேரம் கிடைக்கும். 30 நாள் என்றால் நன்னடத்தைக் கழிவோடு பெரும்பாலும் பாதி நாளில் வரலாம். வாடகை, கார் தவணை தானாகக் கட்டப்படட்டும். வங்கிக் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். பிள்ளையைப் பள்ளியில் இருந்து கூட்டி வர வேறு யாருக்கு அனுமதி என்று எழுதிக் கொடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் பட்டியலை டாக்டர் கையெழுத்தோடு எடுத்துப்போங்கள். வீட்டு மாத்திரையைப் பொதுவாக உள்ளே விட மாட்டார்கள். மோதிரம், செயின், தாலி, மெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருப்பவர்கள் அதையும் கழற்றிவிட்டுப் போங்கள். அங்கே போய், இது என்ன கயிறு என்று கேட்கும் அதிகாரிக்கு விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

உள்ளே போனதும் சைவம் என்றால் எழுதிக் கேளுங்கள். கமிஷரி என்ற சிறைக் கடையில் நூடுல்ஸ், சோப்பு கிடைக்கும். வீட்டிலிருந்து கணக்கில் பணம் போட்டால் வாங்கலாம். அடுத்தவரிடம் கடன் வாங்க வேண்டாம். ‘நீ எதுக்கு உள்ளே வந்தே’ என்று யாரையும் கேட்க வேண்டாம்.

பார்க்கப் போகும்போது அடையாள அட்டையும் முன்பதிவும் வேண்டும். என்ன உடுத்தலாம் என்பதற்கும் விதி உண்டு. புத்தகம் அனுப்பினால் பெரும்பாலும் கடையிலிருந்து நேராகப் போகும் புது பேப்பர்பேக்தான் ஏற்பார்கள். சிறையை நடத்தும் ஷெரிப் ஆபீஸ் என்று சொல்லிக் கிஃப்ட் கார்டில் பணம் கேட்டு அழைப்பு வந்தால், அது மோசடி, வைத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் ‘அப்பா ஆன்சைட் போயிருக்கார்’ என்ற கதை ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள்.

விடுதலை பகலில்தான் என்று எண்ணாதீர்கள். நள்ளிரவுக்கு மேலும் வெளியே விடுவார்கள், கைபேசியில் சார்ஜ் இருக்காது. காரில் ஒரு ஸ்வெட்டர், சார்ஜர், தயிர் சாதம் ஒரு டப்பா இருக்கட்டும். கேள்வி எதுவும் கேட்காமல் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.