ஆகஸ்ட்டுக்கு முன் எவ்வளவு படிக்கலாம்?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததுமே பாடநூல் வாங்க ஓடாதீர்கள். சிங்கப்பூரில் பெரும்பாலான வகுப்புகள் ஆகஸ்ட்டில்தான் தொடங்கும். எந்த நூல், எந்தப் பதிப்பு என்று விரிவுரையாளர் சொன்ன பிறகு வாங்கினால் போதும். என் அக்கா மகன் ஜூன் மாதமே கனமான பொருளியல் நூல் ஒன்றை வாங்கி வந்தான். அந்தப் பாடத்துக்கு விரிவுரைக் குறிப்புகளே போதுமானவையாக இருந்தன. நூல் இப்போது மேசை விசிறிக்குப் பீடம்.

அப்படியானால் படிக்கவே வேண்டாமா? தேசிய சேவை எனும் கட்டாயப் பணியில் பாடங்களை விட்டு விலகியிருந்து, அதை முடித்து வரும் பையன்கள் கொஞ்சம் படிக்கத்தான் வேண்டும். ஆனால் புதுப் பாடத்தை அல்ல, பழையதை. பொறியியல், கணினி, பொருளியல் என எதற்குப் போனாலும் வகையிடலும் நிகழ்தகவும் கைக்குத் திரும்ப வர வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ நிலைத் தேர்வின் பழைய கணிதத் தாளிலிருந்து தினமும் இரண்டு மூன்று கணக்குகளைப் பேனா பிடித்துப் போடுங்கள். விடையைப் பார்த்துத் தலையாட்டுவது கணக்கில் சேராது.

சட்டம், வரலாறு, சமூகவியல் மாணவர்களின் கதை வேறு. அங்கே வாரந்தோறும் கட்டுக்கட்டாக வாசிக்க வேண்டியிருக்கும். உங்கள் துறை பற்றிப் பொதுவாசகருக்காக எழுதப்பட்ட நூல் ஒன்றை எடுத்து, ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இரவல் நூலகம் இருக்கிறது. தவணை 21 நாள். ஒரு நூலுக்கு அது தாராளம்.

அறிமுக முகாம் தொடங்கும் வாரத்தில் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். முகாமில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்து இரவில் யாரும் படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.