டெர்மினல் அடாப்டர்ல சிங்க்ரனஸ் மோட் செட் பண்றது எப்படி?

ஐஎஸ்டிஎன் டெர்மினல் அடாப்டர்ல (டிஜிட்டல் டெலிபோன் லைன்ல கம்ப்யூட்டரையோ ரவுட்டரையோ மாட்டற பெட்டி) கை வைக்கறதுக்கு முன்னாடி ஒன்னு முடிவு பண்ணிக்கோங்க, உங்களுக்கு நிஜமாவே போர்ட் சிங்க்ரனஸா, அதாவது தனி கிளாக் சிக்னலோட ஓடற மாதிரி, இருக்கணுமா? சாதாரண பிசியோட காம் போர்ட் அசிங்க்ரனஸ் மட்டும்தான், வெளிலேர்ந்து வர்ற கிளாக்கை வச்சு பிட் எடுக்க அதுக்கு வராது. பிசிலேர்ந்து பிபிபி (டயல் பண்ணி இன்டர்நெட் பாக்கெட் அனுப்பற புரோட்டோகால்) ஓட்டறதுதான் வேலைன்னா அடாப்டர்ல இருக்கிற அசிங்க்-டு-சிங்க் பிபிபி கன்வர்ஷனை ஆன் பண்ணா போதும், இதுக்கு மேல படிக்கவே வேணாம். ரவுட்டரோட சீரியல் போர்ட், எஸ்டிஎல்சி (ஐபிஎம்மோட சிங்க்ரனஸ் புரோட்டோகால்) கன்ட்ரோலர், வீடியோ கான்ஃபரன்ஸ் கோடெக் இந்த மாதிரி ஐட்டம் கனெக்ட் பண்றவங்களுக்குத்தான் மீதி.

கேபிள்லதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. 9 பின் கனெக்டர்ல கிளாக் லைனே கிடையாது, அதனால அது வழியா சிங்க் வரவே வராது. 25 பின்ல 15ம் பின் டிரான்ஸ்மிட் கிளாக், 17 ரிசீவ் கிளாக், 24 டிடிஇ (அடாப்டர்ல மாட்டற ரவுட்டர் மாதிரி டிவைஸ்) தர்ற டிரான்ஸ்மிட் கிளாக். சில ரெடிமேட் கேபிள்ல வெளிய 25 பின் இருக்கும் ஆனா உள்ள அசிங்க்குக்கு வேணுங்கற ஒயர் மட்டும்தான் போட்டிருப்பாங்க, மீட்டர் வச்சு 15, 17 ரெண்டும் கன்டின்யூட்டி வருதான்னு பாத்துடுங்க. இந்த போர்ட்டோட ஆர்எஸ்-232 ஸ்டாண்டர்டே 20 கேபிபிஎஸ் வரைக்கும்தான் பேசுது, 64 கேபிபிஎஸ்ல ஓட்டணும்னா வி.35 அல்லது எக்ஸ்.21 போர்ட் (இன்னும் வேகமான சீரியல் போர்ட் வகைங்க) உள்ள மாடல் எடுங்க, இல்லாட்டி கேபிளை ரொம்ப சின்னதா வச்சுக்கோங்க.

இப்ப செட்டிங். கமாண்ட் ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும், மேனுவல் பக்கத்துல இருக்கட்டும். எல்லா செட்டிங்கையும் அசிங்க் மோட்ல இருக்கும்போதே போட்டு முடிச்சுட்டு, போர்ட்டை சிங்க் ஆக்கறதை கடைசியா வைங்க. ஏன்னா சிங்க் ஆனப்புறம் அந்த போர்ட்ல ஏடி கமாண்ட் (மோடத்துக்கு டைப் பண்ற மாதிரி கமாண்ட்) எடுக்காது, திரும்பி வர்ற வழி முன்பக்க பட்டனா, டிப் ஸ்விட்சா, தனி கன்சோல் போர்ட்டான்னு சேவ் பண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

கால் டைப் டேட்டாவா இருக்கணும், அதாவது 64 கே அன்ரெஸ்ட்ரிக்டட் டிஜிட்டல், ஸ்பீச்னு இருந்தா கால் கனெக்ட் ஆனாலும் நடுவுல நெட்வொர்க் பிட்டை மாத்திடலாம். வட அமெரிக்கால சில ரூட்ல 56தான் கிடைக்கும், அங்க ரெண்டு முனையும் 56ன்னு வைக்கணும். அடுத்து பி சேனல் (ஐஎஸ்டிஎன்ல டேட்டா போற 64 கே சேனல்) புரோட்டோகால். முழு 64ன்னா கிளியர் சேனல் (பிட்டை அப்படியே அனுப்பறது), அதை விட கம்மி ஸ்பீடுன்னா வி.110 (கம்மி ஸ்பீடை 64க்கு ஏத்த மாதிரி நிரப்பி அனுப்பற முறை), எதிர் முனைல என்ன இருக்கோ அதேதான் இங்கயும், இதுல அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது.

கிளாக்குக்கு வருவோம், சிங்க்ல பாதி தலைவலி இதுதான். ஒரு லிங்க்ல ஒரே ஒரு கிளாக்தான் எஜமானா இருக்கலாம், ஐஎஸ்டிஎன்ல அது நெட்வொர்க் கிளாக். அடாப்டர் அதைப் பிடிச்சு 15, 17 வழியா உங்க ரவுட்டருக்குக் கொடுக்கும், அதனால அடாப்டர்ல கிளாக் சோர்ஸ் நெட்வொர்க்னும் ரவுட்டர் டிடிஇயாவும் இருக்கட்டும். ரவுட்டர்லயும் கிளாக் ரேட் போட்டு வச்சா ரெண்டும் சண்டை போட்டு ஸ்லிப் ஆகிட்டே (பிட் தவறிட்டே) இருக்கும். என்கோடிங்கும் (பிட்டை சிக்னலா மாத்தற முறை, என்ஆர்இசட்டா என்ஆர்இசட்ஐயா) ரெண்டு பக்கமும் மேட்ச் ஆகணும், இல்லாட்டி கிளாக் சரியா இருந்தும் ஒரு ஃபிரேம் கூட தேறாது.

டயல் பண்ண ரெண்டு வழி. ஒரே நம்பருக்குத்தான் போகப்போறீங்கன்னா நம்பரை அடாப்டர்ல சேவ் பண்ணி டிடிஆர் (ரவுட்டர் ரெடின்னு சொல்ற சிக்னல் லைன்) டயல் வைங்க, டிடிஆர் ஏறினா கால் போகும், இறங்கினா கட் ஆகும், சிம்பிள். பல நம்பர் வேணும்னா வி.25பிஸ் (சீரியல் போர்ட் வழியாவே டயல் பண்ற ஸ்டாண்டர்ட்), இதுல ரவுட்டரே சிஆர்என்னு நம்பரோட அனுப்பும், கால் போகலன்னா சிஎஃப்ஐன்னு பதில் வரும். சிஸ்கோ ரவுட்டர்ல முதல் வகைக்கு டயலர் டிடிஆர், ரெண்டாவதுக்கு டயலர் இன்-பேண்ட்.

கனெக்ட் ஆயிடுச்சு ஆனா டேட்டா ஓடலன்னா முதல்ல அடாப்டர்ல லோக்கல் லூப்பேக் (அனுப்பினதை அடாப்டரே திருப்பி அனுப்பற டெஸ்ட்) போடுங்க. அதுலயே எரர் வந்தா கேபிளோ கிளாக்கோதான் காரணம். சின்ன பாக்கெட் போகுது பெருசு மட்டும் சிஆர்சி எரர்ல (டேட்டா கெட்டுப்போச்சான்னு பாக்கற செக்) சாகுதுன்னா பெரும்பாலும் டிரான்ஸ்மிட் கிளாக் ஃபேஸ்தான் (கிளாக்கும் டேட்டாவும் டைமிங் ஒத்துப்போகல), ரவுட்டர்ல இன்வர்ட் டிஎக்ஸ்கிளாக் போட்டு பாருங்க. லோக்கல் லூப் சுத்தமா இருந்தா ரிமோட் லூப் (எதிர் முனைலேர்ந்து திருப்பற டெஸ்ட்) போடுங்க, அது அடி வாங்கினா எதிர் முனை ஆளுக்கு போன் போட்டு புரோட்டோகாலும் ஸ்பீடும் என்ன வச்சிருக்காங்கன்னு கேளுங்க.