ஆள் சேர்ப்பதற்கு முன் வருகைப் பதிவேட்டைத் திறங்கள்: மலையூர் சேவைச் சங்கங்களுக்கு

ரோட்டரி, அரிமா இரண்டிலும் சங்க ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. தலைமையகத்துக்கான சந்தா ஜூலையிலும் ஜனவரியிலும் கணக்காகும். அதனால் ஜூன், டிசம்பர் மாதங்களில் உறுப்பினர் பெயர்கள் கொத்தாக நீக்கப்படும். ஆனால் அவர்கள் கூட்டத்துக்கு வருவதை அதற்குப் பல மாதம் முன்பே நிறுத்தியிருப்பார்கள்.

கடந்த மூன்று ஆண்டுகளில் விலகியவர்களைப் பட்டியலிடுங்கள். பெயர், சேர்ந்த மாதம், கடைசியாக வந்த கூட்டம், தொழில், குடியிருக்கும் இடம் ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருக்கும் சங்கத்துக்குக் கடைசிக் கட்டம்தான் அதிகம் சொல்லும். இரவு ஏழரைக்குத் தொடங்கி, சாப்பாட்டோடு ஒன்பதரைக்கு முடியும் கூட்டத்துக்கு, ஊருக்கு வெளியே ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருப்பவர் கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு எப்படி வருவார்? நேரத்தை மாலை ஐந்தரைக்கு மாற்றி, 75 நிமிடத்தில் முடியுங்கள். தேயிலைக்காரர்கள் அதிகமென்றால் கொழுந்து மும்முரமாக வரும் மாதங்களில் கூட்டத்தைக் குறையுங்கள். கோடை சீசனில் ஓட்டல்காரர்களைக் கூப்பிடுவதே வீண்.

குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவத்தாரும் வங்கி ஊழியர்களும் மாற்றலாகிப் போவதைத் தடுக்க முடியாது. அந்தக் கணக்கைத் தனியே வையுங்கள்.

அடுத்து பணம். சந்தாவோடு சாப்பாட்டுச் செலவையும் சேர்த்து வசூலித்தால் இளையவர்கள் மிரண்டுவிடுவார்கள். டீ, வர்க்கியோடு கூட்டத்தை முடித்துவிட்டு, சாப்பிடுபவர் மட்டும் காசு கொடுக்கட்டும். அரிமா சங்கத்தில் குடும்பச் சலுகை உண்டு: வீட்டில் ஒருவர் முழுச் சந்தா கட்டினால், அதே வீட்டில் மேலும் நான்கு பேர் வரை சர்வதேசச் சந்தாவில் பாதி கட்டினால் போதும். இதைப் பல சங்கங்கள் சொல்வதே இல்லை.

புதியவரை முதலில் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். மாலையும் பொன்னாடையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். பணிக்கு அழையுங்கள். கூடலூர்ப் பக்கம் கண் முகாம் என்றால், பார்வை அட்டையை ஆறு மீட்டர் தள்ளி மாட்டுவதும், நோயாளி ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடியிருக்கிறாரா, விரலிடுக்கில் எட்டிப் பார்க்கிறாரா என்று கவனிப்பதும் அவர் வேலையாக இருக்கட்டும். நாற்காலி அடுக்கும் வேலையை மட்டும் கொடுத்தால் மறுமுறை வரமாட்டார். இரண்டு பணிகளுக்கு வந்த பிறகு விண்ணப்பத்தை நீட்டுங்கள்.

சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதம் துணைக்கு ஓர் உறுப்பினர் வேண்டும். சிபாரிசு செய்தவரே துணையாக இருந்தால் மனக்குறை வெளியே வராது, வேறொருவரைப் போடுங்கள். புதியவர் அடுத்தடுத்து இரண்டு கூட்டம் வராவிட்டால், துணையாக இருப்பவர் அதே வாரம் அவரைப் போனில் கூப்பிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் "ஏன் வரவில்லை" என்று கேட்டால் மானப் பிரச்சினையாகிவிடும். பேச்சில் சந்தா பாக்கியை எடுக்கக் கூடாது, அது பொருளாளர் பாடு.

ஆண்டுக் கடைசியில் எண்ணிக்கை காட்டுவதற்காகத் தலைவரே சந்தா கட்டி உறவினர்களைச் சேர்ப்பதும் நடக்கிறது. அடுத்த ஜூலையில் பில் வரும்போது அந்தப் பெயர்கள் போய்விடும், பாக்கி மட்டும் புதிய தலைவர் தலையில் விழும்.