பாலித்தீன் கவரில் ரேகை தெளிவாக வர

பங்குனி வெயிலில் கோவைப் பக்கம் காற்று காய்ந்து கிடக்கும். திருப்பூர் பனியன் கவர் ஒன்றில் பதிந்த விரல் ரேகையை எடுக்க சூப்பர் குளூ புகை போட்டோம். ரேகை அறுந்து அறுந்துதான் வந்தது. புது ட்யூப் மாற்றியும் அதே கதை. சிக்கல் பசையில் இல்லை, ஈரப்பதத்தில். சூப்பர் குளூவில் உள்ள சயனோஅக்ரிலேட்டின் ஆவி ரேகை வரிகளில் பிடித்து வெள்ளையாகக் கெட்டிப்பட, ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

புகை போடும் பெட்டிக்குள் வெந்நீர்க் கிண்ணம் வைத்து, ஈரமானி அந்த எண்ணைத் தொட்ட பிறகே பசையைச் சூடாக்கினேன். கூடவே என் விரல் பதித்த கவர்த் துண்டு ஒன்றையும் தொங்கவிட்டேன். அதில் வரி தெளிந்ததும் புகையை நிறுத்திவிட வேண்டும். விட்டால் கவர் முழுக்க வெள்ளை பூத்துவிடும், அப்புறம் மீட்பது பெரும்பாடு.

பனியன் கவரில் ரேகையின் சுழி பளிச்சென்று வந்தது. ரோடமின் 6ஜி என்ற ஒளிரும் சாயம் பூசி, பச்சை ஒளியில் ஆரஞ்சு ஃபில்டர் போட்டுப் படமெடுத்தோம்.