பேத்திக்குப் பொம்மை வாங்கறீங்களா, கொஞ்சம் நில்லுங்க

பெருந்துறைப் பக்கம் அங்கன்வாடியில 26 வருசம் புள்ளைங்களோட இருந்தவ நானுங்க. பொம்மை வாங்குனா டப்பாவுல ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்குதான்னு பாருங்க. 2021 சனவரியில இருந்து அது கட்டாயம். தேர்த் திருவிழாக் கடையில தேடுனாக் கெடைக்கறது கஷ்டந்தான்.

3 வயசுக்குள்ள புள்ளைன்னா, வாய்க்குள்ள முழுசாப் போற சாமான் எதுவும் ஆகாதுங்க, தொண்டையில சிக்கிக்கும். பட்டன் பேட்டரி இருந்தா மூடியைத் திருகாணி போட்டு முறுக்கியிருக்கோணும்.

பாட்டுப் பாடி வெளிச்சம் அடிக்கற பொம்மை எனக்குப் புடிக்காது. அது ஆடும், புள்ள வேடிக்கை பாக்கும், அவ்வளவுதான். மரக்கட்டை வாங்குங்க. ஒண்ணரை வயசுல அடுக்கித் தள்ளும். 3 வயசுல அதே கட்டை கோயமுத்தூர் பஸ்ஸாகும். 5 வயசுல எண்ணிக் கூட்டும். என்ற பேத்தி ஒரு கட்டையைக் குண்டாவுல போட்டு, "அம்மிச்சி, சோறு வெந்துருச்சா பாரு"ங்கறா!

திருப்பூர்ல சொந்தம் இருந்தா ஒரு பை பனியன் வேஸ்ட் துணி வாங்கியாந்து, நெறம் நெறமாப் பிரிக்கச் சொல்லுங்க. அரை நாள் ஓடீரும்.

பல்லாங்குழிக்கு அவசரப்படாதீங்க. 14 குழியிலயும் போட்டு எண்ண 5 வயசாவது ஆகோணும். சின்னதுக கையில குடுத்தாப் புளியங்கொட்டை மூக்குக்குள்ள போயிரும். நாம் பட்டாச்சுங்க.