சீன அறிஞர்களைப் போலப் படிக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனர்களின் படிப்பு என்றதும் நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் வதைக் கதைகள்தான். தூக்கம் வந்தபோது ஊசியால் தொடையில் குத்திக்கொண்ட சு ச்சின், தலைமுடியை உத்தரத்தில் கட்டிவைத்துப் படித்த சுன் ஜிங், விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல் மின்மினிகளைப் பையில் போட்டு அந்த வெளிச்சத்தில் வாசித்த சே யின். சிறுவர்களுக்கான பழைய அரிச்சுவடியிலேயே இந்த மூவரும் வந்துவிடுகிறார்கள்.

இவற்றைப் படிப்பு முறை என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. சு ச்சின் போரிடும் அரசுகள் காலத்துத் தூதர். அரசர்களைப் பேசி மடக்கிப் பதவி வாங்குவதற்காகப் படித்தவர். மின்மினிக் கதையை ச்சிங் வம்சப் பேரரசர் காங்ஷி சோதித்தே பார்த்துவிட்டார். பெரிய பை நிறைய மின்மினிகளைப் பிடிக்கச் சொல்லிப் புத்தகத்தின் மேல் பிடித்தால் எழுத்தே தெரியவில்லையாம். புத்தகத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே நம்பக் கூடாது என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார். அதையே கன்பூசிய மரபின் தத்துவ அறிஞர் மென்சியஸ் காங்ஷிக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இன்னும் காரமாகச் சொன்னார்: நூலை முழுக்க நம்புவதைவிட நூலே இல்லாமல் இருப்பது மேல்.

படிப்பைப் பற்றி நிறைய எழுதிய சீன அறிஞர்கள் தூக்கத்தை விரட்டுவது பற்றி அதிகம் கவலைப்படவில்லை. அவர்கள் திரும்பத் திரும்பத் திட்டியது வேறொன்றை: அவசரத்தை.

அளவுக்கு மீறிப் படிப்பது

இதை விரிவாகப் பேசியவர் தென் சோங் காலத்துக் கன்பூசிய அறிஞர் ஜூ ஷீ (1130–1200). அவர் மாணவர்களோடு பேசிய பேச்சுகள் பின்னால் 140 பகுதிகளாகத் தொகுக்கப்பட்டன. அதில் இரண்டு பகுதிகள் முழுக்க வாசிப்பு முறை பற்றியவை. அவர் காலத்தில் மர அச்சுப் புத்தகங்கள் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தன. இன்றைய ஆட்கள் ஏனோதானோவென்று படிப்பதற்குக் காரணமே அச்சுப் புத்தகம் பெருகியதுதான் என்று அவர் அலுத்துக்கொள்கிறார். அவருக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு கவிஞர் சூ துங்போவும் இதையேதான் எழுதினார்: பழைய தலைமுறைப் பெரியவர்கள் வரலாற்று நூல் ஒன்று கிடைத்தால் கையாலேயே முழுவதையும் படியெடுத்து இரவும் பகலும் படித்தார்கள், இப்போது தினமும் ஆயிரக்கணக்கான தாள்கள் அச்சாகின்றன, இளைஞர்கள் புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டு வெறும் பேச்சு பேசித் திரிகிறார்கள். பிடிஎஃப் சேர்த்துவைப்பவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நெளிவார்கள்.

இதற்கு ஜூ ஷீ சொன்ன மருந்து விசித்திரமாக இருக்கும். உன்னால் 200 எழுத்து படிக்க முடியும் என்றால் 100 எழுத்து மட்டும் படி. ஆனால் அந்த நூறிலும் முழு பலத்தையும் காட்டு. புத்தகத்தை முடிக்க வேண்டிய கெடுவைத் தளர்த்திக்கொள், அன்றன்றைய பாடத்தை மட்டும் இறுக்கிப் பிடி. நாம் சரியாகத் தலைகீழாகச் செய்கிறோம். ‘ஒரு மாதத்தில் சிலபஸை முடிக்கணும்’ என்று கெடுவை இறுக்கிவிட்டு, இன்றைய பாடத்தில் கோட்டை விடுகிறோம்.

மெதுவாகப் போனால் எப்போது முடிப்பது என்ற கேள்வி வரும். சோங் காலத்திலேயே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். முக்கியமான கன்பூசியச் செவ்வியல் நூல்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 4,80,000 எழுத்துகள். ஒரு நாளைக்கு 300 எழுத்து வீதம் மனப்பாடம் செய்தாலும் நாலரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். மந்த புத்தி உள்ளவனுக்கு ஒன்பது ஆண்டு ஆகட்டுமே என்பது அவர்கள் வாதம்.

வரிசையிலும் அவசரம் உண்டு. கன்பூசியக் கல்வியின் அடிப்படையான நான்கு நூல்களில் ‘நடுநிலை’ பற்றிய நூலைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்று ஜூ ஷீ கறாராகச் சொன்னார். கஷ்டமானதை முதலில் எடுத்துப் பெருமைப்படுபவர்கள் அப்போதும் இருந்தார்கள் போலிருக்கிறது.

எல்லாவற்றையும் உருப்போடுவது

மனப்பாடம் அந்த மரபின் முதுகெலும்பு என்பதில் சந்தேகமில்லை. யுவான் காலத்து ஆசிரியர் செங் துவான்லி வகுத்த பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பகுதியையும் புத்தகத்தைப் பார்த்து 100 முறையும், பார்க்காமல் 100 முறையும் சொல்ல வேண்டும். மூன்று அரசுகள் காலத்து டோங் யூ, பாடம் கேட்டு வந்தவனிடம் ‘முதலில் நூறு முறை படி, பொருள் தானாகத் தெரியும்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார். நேரமில்லை என்று புலம்பியவனுக்குக் குளிர்காலம், இரவு, மழைநாள் என்ற மூன்று மிச்ச நேரங்களைச் சுட்டிக்காட்டியவரும் இவரே.

ஆனால் எதை உருப்போடுவது என்ற கேள்வியை விட்டுவிட்டால் எல்லாம் வீண். மூங்கில் ஓவியங்களுக்குப் பேர்போன ஜெங் பான்ச்சியாவ் (1693–1765) தன் தம்பிக்கு எழுதிய கடிதம் ஒன்று இதைப் போட்டு உடைக்கிறது. ஒருமுறை கண்ணால் பார்த்ததுமே ஒப்பித்துவிடும் திறமை எதற்கும் உதவாது, அவசரமாக ஓடும் கண்ணில் எதுவும் தங்காது என்கிறார். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறார். பண்டைய வரலாற்றாசிரியர் சிமா ச்சியெனின் வரலாற்று நூலில் 130 அத்தியாயங்கள் இருக்கின்றன. அதில் படைத்தலைவன் ஷியாங் யூவின் கதைதான் உச்சம். அதிலும் ஜூலு போர், ஹோங்மென் விருந்து, கைஷியாவில் வீழ்ந்த இடம் ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்பப் படித்துக் கண்ணீர் விட வேண்டியவை. 130 அத்தியாயத்தையும் எழுத்து விடாமல் மனப்பாடம் செய்பவன் விவரமில்லாத மட்டி. நூலை மதிப்பது என்றால் வரிக்கு வரி உருப்போடுவது என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தெரியவில்லை.

சூ துங்போவின் வழி வேறு. ஒரே நூலைப் பல முறை படி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வியோடு போ என்றார். ஒரு சுற்றில் அரசுகள் எழுந்ததும் விழுந்ததும் எப்படி என்று மட்டும் தேடு. அடுத்த சுற்றில் சட்டதிட்டம், சடங்கு, பொருட்கள் பற்றி மட்டும். நடுவில் வேறு யோசனைக்கு இடம் கொடுக்காதே. பார்ப்பதற்கு மந்தமான வழியாகத் தெரியும் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஹைலைட்டர் பேனாவால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசுபவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

முடிவை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறப்பது

ஜூ ஷீ இதற்கு வழக்கு விசாரணையை உதாரணம் காட்டுவார். ஒரு தரப்புக்குச் சாதகமாக முன்பே மனத்தில் முடிவெடுத்துவிட்ட நீதிபதிக்கு எதிர்த்தரப்பின் குற்றம் மட்டும்தான் கண்ணில் படும். வாசகனும் அப்படித்தான். அதற்காகச் சந்தேகமே படாதே என்று அவர் சொல்லவில்லை. சந்தேகம் வராதவனுக்குச் சந்தேகத்தை வரவழைக்க வேண்டும், வந்தவன் அதைத் தீர்த்துவிட வேண்டும், அப்போதுதான் முன்னேற்றம் என்கிறார்.

புரியாத இடத்தில் என்ன செய்வது?

இங்கே பெரியவர்களுக்குள்ளேயே சண்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் செங் குவோஃபான் தம்பிகளுக்கு எழுதினார்: ஒரு வரி புரியாவிட்டால் அடுத்த வரிக்குப் போகாதே, இன்று புரியாவிட்டால் நாளை படி, இந்த ஆண்டு கைவராவிட்டால் அடுத்த ஆண்டு. ஜூ ஷீயின் காலத்தவரும் எதிர்த்தரப்புக்காரருமான லூ ஜியுயுவானோ, புரியாததை இப்போதைக்குத் தாண்டிப் போ, பாதகமில்லை என்றார்.

எந்தப் பக்கம் சாய்வது? செங் குவோஃபானின் கண்டிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்றாம் பக்கத்திலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. அந்த விதியை அவர் செவ்வியல் நூல்களுக்குத்தான் சொன்னார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அதே கடிதத்தில், வரலாறு படிக்கும்போது எல்லா ஆளையும் எல்லா நிகழ்ச்சியையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, அந்தக் காலத்தில் நீயே இருப்பதுபோல் படித்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறார். ஆக, முதலில் கையில் இருப்பது எந்த வகைப் புத்தகம் என்று பாருங்கள். கணக்குப் பாடத்தில் ஒரு படியை விட்டால் அடுத்தது நிற்காது. நாவலிலோ வரலாற்றிலோ தாண்டிப் போகலாம்.

கேள்வியை ஊகித்துப் படிப்பது

இது நமக்கு நன்றாகவே பழக்கமான வியாதி. மிங் ஆட்சியின் இறுதியைக் கண்ணால் பார்த்த கு யான்வூ (1613–1682) இதை அப்படியே படம் பிடித்திருக்கிறார். ஒரு செவ்வியல் நூலிலிருந்து அரசுப் பதவிக்கான தேர்வில் கேட்கக்கூடிய தலைப்புகள் சில பத்துகள்தான். பணக்காரக் குடும்பங்கள் பெயர்பெற்ற எழுத்தாளர்களை வீட்டுக்கே வரவழைத்து, தலைப்புக்கு ஒரு கட்டுரை எழுத வைத்து, கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். பிள்ளைகள் அவற்றை உருப்போட்டுக்கொண்டு போனார்கள். பத்துக்கு எட்டு ஒன்பது அப்படியே வந்தது. அப்படியே எழுதிவிட்டு வந்தார்கள். மூல நூலைப் பலர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எட்டுக்கால் கட்டுரை எனப்பட்ட இந்தத் தேர்வு வடிவம் செய்த கேடு, பழைய ச்சின் பேரரசர் புத்தகங்களை எரித்ததற்குச் சமம் என்று கு யான்வூ எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், நிதானமாகப் படி என்று தொண்டை வற்றக் கத்திய ஜூ ஷீயின் உரைகளைத்தான் யுவான் அரசு 1313-ல் தேர்வுப் பாடமாக அறிவித்தது. 1905-ல் தேர்வு முறையே ஒழியும்வரை பிள்ளைகள் அவரைத்தான் அவசர அவசரமாக நெட்டுருப் போட்டார்கள்.

பேசுவதற்காகப் படிப்பதையும் இதோடு சேர்த்துவிடலாம். காதில் நுழைந்து வாயில் வெளியேறும் படிப்புக்கு நடுவே இருப்பது நாலு அங்குலம், அது ஏழடி உடம்பை எப்படிச் செம்மைப்படுத்தும் என்று பண்டைய தத்துவ அறிஞர் ஷுன்ஸி கேட்டார். 1181-ல் ஜூ ஷீ தன் வெண்மான் குகைக் கல்விக்கூடத்துக்கு லூ ஜியுயுவானை அழைத்துப் பேச வைத்தார். தேர்வுக்காகவும் பதவிக்காகவும் படிப்பவன் மனம் எதில் ஊறுகிறது என்று லூ பேசியபோது கேட்டவர்களில் சிலர் அழுதேவிட்டார்கள். ஜூ ஷீ அந்தப் பேச்சைக் கல்லில் வெட்டி வைத்தார்.

குறிப்பு எடுப்பதில் உள்ள கோளாறு

பக்கம் பக்கமாக எழுதினால் படித்துவிட்டதாக ஒரு திருப்தி வரும். மிங் காலத்து ஜாங் பூ அந்தத் திருப்தியை நெருப்பில் போட்டார்: ஒரு பகுதியைக் கையால் எழுதுவார், ஒருமுறை படிப்பார், எரித்துவிடுவார், மறுபடி எழுதுவார், ஏழு முறை. எழுதியது தாளில் இருக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. கு யான்வூவின் பழக்கம் இன்னும் பயனுள்ளது. தினசரி வாசிப்பில் தோன்றியதைக் குறிப்பாக எழுதிச் சேர்த்தே ஒரு பெரிய நூலை உருவாக்கினார். பிரிந்து ஓராண்டு ஆகிறதே, எத்தனை பகுதி முடித்தீர்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டதற்கு, காலையும் மாலையும் படித்துத் துருவியதில் பத்துப் பன்னிரண்டு குறிப்புகள்தான் தேறின என்று பதில் எழுதினார். முன்னோர் யாராவது அதையே முன்பே சொல்லியிருந்தது தெரிந்தால் தன் குறிப்பை எடுத்துவிடுவார். 1670-ல் எட்டுப் பகுதிகளை அச்சிட்டவர், அதன் குறைகளைப் பார்த்து வெட்கப்பட்டுத் திருத்திக்கொண்டே இருந்தார். முழு 32 பகுதிகளை அவர் மாணவர் பான் லெய் அச்சுக்குக் கொண்டுவந்தது 1695-ல்.