குழந்தைகளோடு பயணமா? துணியை இப்படி அடுக்குங்கள்

ஒரு வாரப் பயணத்துக்குக் குழந்தைக்கு 4 செட் துணி போதும். நடுவில் ஒருமுறை துவைத்துக்கொள்ளலாம். ஜீன்ஸ் வேண்டாம், ராத்திரி துவைத்தால் காலையில் காயாது.

சட்டை, கால்சட்டை, உள்ளாடை, சாக்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி ஒரு ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு கவர். பெட்டியைக் கிளற வேண்டியதில்லை. காலியான கவர் நனைந்த துணிக்கு ஆகும்.

கைப்பையில் குழந்தைக்கு ஒரு செட்டோடு உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை கட்டாயம். மடியில் இருக்கும் பிள்ளை வாந்தி எடுத்தால் நனைவது நீங்களும்தானே! பலரும் மறப்பது இதைத்தான். டயப்பர், 2 மணி நேரத்துக்கு ஒன்று, கூடுதலாக 3. தள்ளுவண்டிக் கைப்பிடியில் கனமான பையைத் தொங்கவிடாதீர்கள். குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்பக்கம் சாய்ந்துவிடும்.